ஷெட்டுக்கு வந்த பிரிண்டர்

காக்களூர் கம்பெனியில் பெட்டிகளுக்கு ஸ்லிப் ஒட்டுவது என் வேலை. ஸ்லிப் அச்சாவதோ மாடி ஆபீஸில். இருபத்திரண்டு படி. நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கினால், எனக்கே தெரியாத கெட்ட வார்த்தையெல்லாம் என் முட்டி பேசும். மாடியில் தட்டினால் எங்கள் பேக்கிங் ஷெட்டிலேயே அச்சாகும் என்று ஒரு புது பிரிண்டரை இறக்கியபோது, அதற்குப் பொட்டு வைத்ததே நான்தான்.

பொருத்த வந்தது ஒரு பெண். ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸாம். லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து மளமளவென்று தட்டினாள். ஸ்விட்சைப் போட்டதும் பிரிண்டர் தன் நம்பரைத் தாளில் அடித்துக் கொடுத்தது. அந்த நம்பரையே விலாசமாக மாடிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். சோதனைத் தாள் சர்ரென்று வந்தது. கைதட்டிவிட்டு, நம்பர் தாளை என் டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்துக்கொண்டேன்.

உடனே கரண்ட் போனது. திரும்பி வந்ததும் பிரிண்டர் இன்னொரு நம்பர் தாளைத் தள்ளியது. ஸ்லிப் மட்டும் வரவே இல்லை. மாடியில் பத்துத் தடவை தட்டிப் பார்த்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஓடாவிட்டால் பிரிண்டரை மாடிக்கே தூக்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். முட்டி பகீரென்றது.

அந்தப் பெண் ஒயரை ஒயராகப் பிடுங்கிச் செருகினாள். நான் இரண்டாவது தாளையும் விரிக்க எடுத்தேன். படித்தது மூன்றாவதுதான், ஆனால் நாள் முழுக்க பெட்டி நம்பரை ஸ்லிப் நம்பரோடு ஒத்துப் பார்க்கிற கண். முதல் தாளில் கடைசியில் பதினாலு. இதில் பத்தொன்பது.

“கண்ணு, உன் மெஷின் ஊடு மாத்திக்கினு பூட்ச்சு. நீ பழைய ஊட்டு கதவ தட்டிக்கினு கீற.”

இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தாள். “ஆமா ஆயா. இத நான் பாக்கவே இல்ல.”

கரண்ட் போய் வரும்போதெல்லாம் நெட் பெட்டி தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பரைக் கொடுக்கிறதாம். பிரிண்டருக்குப் பதினாலையே நிரந்தரமாகப் பூட்டினாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

“மறுபடி கரண்ட் போனா?”

அவளே ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். வந்த தாளில் பதினாலு. அதன் பின்னாலேயே ஸ்லிப். ஒன்றா? மாடியில் தட்டிய பத்தும் இத்தனை நேரம் வரிசையில் காத்திருந்து, விடாமல் கொட்டின.

ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். முதலாளி முன்னால் போய் நின்ற பிறகுதான் மூச்சு வாங்கியது.

“அதான் கீழயே வருதில்ல, இன்னாத்துக்குமா ஏறி வந்த?”

“கீழ வருதுன்னு சொல்லத்தான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. பிரிண்டர் ஷெட்டிலேயே இருக்கட்டும் என்றார்.