நாலாவது மாடி ஜன்னல்

அலோர் காஜா வட்டாரத்தில் அலுமினிய ஜன்னல் மாற்ற வேண்டுமென்றால் புவனேஸ்வரனைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் அளவு தப்பியதில்லை. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் டேப் பிடிப்பார். உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை. வேலையாள் எவனாவது வெளிப்பக்கத்தை விட்டுவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழே கடையும் மேலே வீடுமான ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து, ஜன்னல் கிரில்லைப் பிடித்தபடி கால் மணி நேரம் தொங்கினார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உயரம் என்றாலே ஈரக்குலை நடுங்கியது. வாயைத் திறந்து நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம், மனிதர் சொல்லவில்லை. ஜன்னல்காரன் மாடிக்குப் பயப்படுகிறான் என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? தரைவீட்டு வேலைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

அதே வருடம்தான் மகள் ராகினி கல்யாணமாகி குருபோங்கில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிபோனாள். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. புவனேஸ்வரன் கீழேயே நின்று ஹாரன் அடிப்பார், முட்டி வலி என்பார், வாங்கி வந்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

போன மாதம் ராகினி வீட்டுப் பழைய ஜன்னலிலிருந்து ஒரு கண்ணாடிப் பட்டை கழன்று கீழே விழுந்து நொறுங்கியது. பேரனுக்குப் பதினோரு மாதம். கிடைத்ததையெல்லாம் பிடித்து எழுந்து நிற்கிறான். இனி முட்டி வலி செல்லாது.

அளக்கப் போன அன்று சுவரோடு சுவராக ஒட்டி நின்று உள்பக்கம் மட்டும் அளந்தார். டேப்பை வெளியே நீட்டக் கை வரவில்லை. உள்ளும் வெளியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு இறங்கினார்.

சனிக்கிழமை காலையில் மருமகன் காந்தனும் அவரும் புதுச் சட்டத்தை மேலே தூக்கி வந்தார்கள். ஷிப்ட் இருக்கிறது என்று காந்தன் கிளம்பிவிட்டார். புவனேஸ்வரன் பழைய ஜன்னலைப் பெயர்த்தார், துருப்பிடித்த கிரில்லையும் அறுத்தெடுத்தார். சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. புதுச் சட்டத்தை வைத்து அழுத்தினால் போகவில்லை. வெளிப்பூச்சு தடித்து அரை அங்குலம் குறுகியிருந்தது. எக்கி, கையை வெளியே விட்டுக் கொத்தினால் பத்து நிமிட வேலை.

உளியோடு எட்டிப் பார்த்தார். கீழே கார்களெல்லாம் சுழன்றன. பின்னால், சாத்திய அறைக் கதவைக் குழந்தை தட்டுகிற சத்தம் கேட்டது. ஓட்டையை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது, மூடவும் முடியவில்லை. தொங்கிய அன்றைக்குக்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ராகினி கதவைத் திறந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலியா என்று பதறினாள்.

"இல்லம்மா. பயமா இருக்கு. ரெண்டு வருஷமா ஒசரம்னாலே கைகாலு ஓட மாட்டேங்குது. அதான் வெளிய அளக்கல."

ராகினி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இதுக்காகவா மேல வராம இருந்தீங்க? உங்களுக்கு அவர புடிக்கலன்னு நெனச்சோம்பா. இன்னைக்கு ஷிப்ட் ஒண்ணும் கெடையாது. நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு கீழ போய் உக்காந்திருக்காரு."

புவனேஸ்வரன் கைபேசியை எடுத்தார். கீழே இருந்த மருமகனைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ள, என் லோரியில பலகை கெடக்கு, எடுத்துக்கிட்டு மேல வாங்க. பேரன் இருக்கற வீடு, இப்போதைக்கு மூடிருவோம். எனக்கு மாடின்னா பயம், மாப்பிள்ள. வேற ஒண்ணுமே இல்ல."