என் பின்னாலேயே வந்த இரும்பு

மெர்டேக்கா என்று நாங்கள் சொல்லும் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு எனக்கு இரண்டு பதவிகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. வீட்டில் கணவன், கனிமம் தேடும் ஒரு கம்பெனியில் ஊசிக்காரன். இரண்டிலும் எனக்கு முன் அனுபவம் கிடையாது.

ஊசி என்றதும் தையல் ஊசி என்று நினைத்துவிட வேண்டாம். தையல் என் மனைவியின் இலாகா. காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் முன்னறையில் கால்மிதி மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைத்துக்கொடுத்தாள். என்னுடையது பித்தளைப் பெட்டிக்குள் இருக்கும் காந்த ஊசி. பெட்டியை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நேர்கோட்டில் நடக்க வேண்டும். மண்ணுக்கடியில் காந்தக்கல் இருந்தால், சும்மா படுத்திருக்கும் ஊசி மூக்கைக் கீழே இறக்கும். எவ்வளவு இறங்கியது என்று எழுதிக்கொண்டு, கோட்டில் அளந்து நட்டிருக்கும் அடுத்த குச்சிக்கு நகர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

எங்கள் கல் நிபுணர் ஒரு வெள்ளைக்காரத் துரை. நாங்கள் தேடுவது இரும்பே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேண்டியது செம்பும் பொன்னும். அவை இருப்பது ஊசிக்குத் தெரியாது. ஆனால் ஆழத்திலிருந்து கொதித்து ஏறிய நீர் சில இடங்களில் இரும்பையும் செம்பையும் பொன்னையும் ஒன்றாக இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்குமாம். "இரும்பு என்பது வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஜாகாக்காரன் மாதிரி. அவனைக் கண்டுபிடி. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

இதை நான் வீட்டில் வந்து விளக்கியபோது மனைவிக்கு மரியாதை வரவில்லை.

"இரும்பு தேடியா லேடாங் மலைக்குப் போறீங்க? நம்ம வீட்டுக்குப் பின்னாடியே செம்பாறையா கெடக்குதே. கெணறு தோண்டுனா கடப்பாறை மழுங்கிப் போவுது."

"அது துருப்பிடிச்ச இரும்பு. என் ஊசி அதைச் சட்டை பண்ணாது."

"திமிரு புடிச்ச ஊசியா இருக்கும் போல."

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். தாய் இல்லாதவள். முதல் பிரசவத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் வைத்த ஒரே கோரிக்கை. எனக்கும் அதே ஆசைதான். லேடாங் அடிவாரத்தில் முகாம் இருந்தவரை கவலையில்லை. சனிக்கிழமை பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் வீடு. அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் மொத்தக் கூட்டமும் பகாங் காட்டுக்குப் போகும். அங்கிருந்து வீடு திரும்புவது துரை மனசு வைத்தால்தான். அதனால் நான் கோயில் கோயிலாக இரும்பு வேண்டிக்கொண்டேன்.

அவளுடைய பயம் வேறு. "மலையில என்னென்னமோ ஒலாத்துதாம்ங்க. காத்துக் கருப்பு அண்டாம, கையில ஒரு இரும்பு வச்சிக்கிங்க."

நான் என் பதவிக்குரிய கம்பீரத்தோடு மறுத்தேன். ஊசிக்காரன் உடம்பில் இரும்பே இருக்கக் கூடாது. கத்தி கூடாது, சாவி கூடாது, பெல்ட்டுக்குப் பித்தளைக் கொக்கிதான். "ஒரு குண்டூசி கூட ஆகாது, தெரியுமா?"

"சரிங்க" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

முகாமில் ஊசிக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர். மற்றவன் எங்கள் பேட்டைக்காரன், செட்டி கம்பொங்கைச் சேர்ந்தவன், தமிழை மறந்து தலைமுறைகளான குடும்பம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். ஒரு கோட்டில் நான் நடந்தால் அடுத்த கோட்டில் அவன் நடப்பான். அவன் ஊசி சோம்பேறியாகப் படுத்தே கிடந்தது. என் ஊசியோ முதல் குச்சியிலிருந்து கடைசிக் குச்சி வரை தலை குனிந்தே வந்தது. துரை சாயங்காலத்தில் வரைபடத்தை விரித்து, ஊசி இறங்கிய இடங்களில் சிவப்புப் பென்சிலால் தீட்டினார். ஒரு வரி சிவப்பு, ஒரு வரி வெள்ளை. பார்க்க கோடு போட்ட கைலி மாதிரி இருந்தது.

"பெசி பூன் சுக்கா லு" என்றான் கூட்டாளி. இரும்புக்குக்கூட உன்னைத்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நானும் வெட்கமில்லாமல் அதை நம்பினேன். துளை போடும் மெஷின் வேண்டும் என்று துரை கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். அந்தச் சனிக்கிழமை, பிரசவம் வரை நான் இங்கேதான் என்று வீட்டில் அறிவித்தேன். அவள் அன்று பாயசம் வைத்தாள்.

திங்கட்கிழமை துரைக்கு ஞானம் பிறந்தது. பூமி கைலி நெய்யாது என்று யோசித்திருப்பார் போல. எங்களைக் கோடு மாற்றி நடக்கச் சொன்னார். அவன் கோட்டுக்கு நான் போனதும் இரும்பும் என் கூடவே அங்கே வந்துவிட்டது. என் பழைய கோட்டில் அவன் நடந்தால் ஊசி அசையவே இல்லை.

"கழற்று" என்றார் துரை.

பெல்ட்டைக் கழற்றினேன். சட்டையைக் கழற்றினேன். துணி ஜோட்டையும் கழற்றினேன். ஊசி இறங்கியே இருந்தது. துரையின் பார்வை கீழே வந்தது. காடு வெட்ட வந்த ஆட்கள் எல்லோரும் பாராங் கத்தியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, நான் கால்சட்டையையும் கழற்றி ஒரு கிளையில் மாட்டினேன். ஊசி சட்டென்று படுத்துக்கொண்டது. கூட்டாளி பெட்டியைக் கிளைப்பக்கம் கொண்டுபோனான். அது என் கால்சட்டைக்குக் கும்பிடு போட்டது.

இடுப்புப் பட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு லாட ஆணி. மடிப்புக்குள் மடிப்பு வைத்துத் தைத்திருந்தாள். பட்டி விறைப்பாக இருப்பது நல்ல தையல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முகாமில் கிடந்த என் இன்னொரு கால்சட்டையிலும் ஒன்று இருந்தது. எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"யார் வேலை?" என்றார் துரை.

"மனைவி, சார். பேய் அண்டாமல் இருக்க."

அவர் சிரித்த சிரிப்பில் குரங்குகள் மரம் மாறின. வேலை போனது என்றே நினைத்தேன். "நீ பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாய். ஊசியும் பொய் சொல்லவில்லை" என்று ஆணிகளை என் கையிலேயே கொடுத்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. துளை மெஷின் வேண்டாம், கூடாரத்தைப் பிரியுங்கள், பகாங் கிளம்புகிறோம் என்றார்.

வீட்டில் போய் ஆணிகளை மெஷின் மேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கத்த வேண்டும் என்றுதான் பஸ் முழுக்க ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை அத்தனையும் மறந்துபோனது.

"அப்ப அந்த ஆணிய மலையிலயே பொதைச்சிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். "துளை போட்டுப் பாக்கறதுக்குள்ள புள்ள பொறந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே துக்கமும் வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, "உங்க ஊசி எதை எதைப் பாக்காது?" என்று கேட்டாள்.

"செம்பைப் பார்க்காது. பொன்னைப் பார்க்காது. அதனாலதானே இரும்பைத் தேடுறோம்."

அவள் கழுத்துக்குப் பின்னால் கை கொண்டுபோய்த் தாலிக் கயிற்றைத் தளர்த்தினாள். ஓரத்தில் கோத்திருந்த ஒரு தங்கக் குண்டை உருவி எடுத்து, ஆணி இருந்த அதே மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்பவளாக இருந்தால்தானே?

"ஆணி தொலைஞ்சா பரவால்ல" என்று நூலைப் பல்லால் கடித்தாள். "இது தொலைஞ்சா வீட்டுப் பக்கம் வராதீங்க."

பகாங்கில் மழையும் அட்டையும்தான் கிடைத்தன. வாரங்கள் ஓட ஓட, அவளுக்கு நாள் நெருங்குகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மடிப்பைத் தடவிப் பார்ப்பது ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் காலை, ஓர் ஓடையைத் தாண்டியதும் ஊசி தொபுக்கென்று விழுந்தது. துரை திரும்பி என்னைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்பே நான் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். கால்சட்டையைக் கூட்டாளி தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் கோவணம் கட்டிய முனிவர் மாதிரி நின்றேன். ஊசி எழுந்திருக்கவில்லை.

வெட்டிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று கனத்த கல். உடைத்த முகத்தில் பித்தளை நிற மினுக்கல், மேலே செம்பின் பச்சைக் கறை. பொன் உண்டா என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும் என்றார் துரை. அது எனக்குத் தேவைப்படவில்லை. இனித் துளை போடுகிறவர்களின் காலம், ஊசிக்கு ஓய்வு. அவரிடம் லீவு கேட்டேன். கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடு என்றார்.

பஸ் மாறி பஸ் மாறி காஜா பெராங்கில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். வயிறு அவளுக்கு முன்னால் வந்து நின்றது. குழந்தை இன்னும் உள்ளேதான். சாப்பிட்டீர்களா, இளைத்துவிட்டீர்களே, ஒன்றும் கேட்கவில்லை. நேராக வந்து என் இடுப்புப் பட்டியை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இருக்கு" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.