வெட்டிய இரண்டு வரிகள்

"அத்தா மௌத்தாயிட்டாங்க, சார்" என்று சிக்கந்தர் பாயின் மகள் தொலைபேசியில் சொன்னதும், "குழாயில தண்ணி வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டேன். துக்கம் சொல்லும் பெண்ணிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? ஏன் கேட்டேன் என்று இன்னும் விளங்கவில்லை. அந்தமானில், எங்கள் லம்பா லைன் பகுதியில், கோடைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். அவர் போனது தண்ணீர் வராத நாள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாய் ராமநாதபுரத்துக்காரர். போர்ட் பிளேரில் பிளாஸ்டிக் டிரம், வாளி, குடம் விற்றார். கவிதையும் எழுதினார், தண்ணீரைப் பற்றி மட்டும். பள்ளி ஆசிரியனான நான் டிரம் வாங்கப் போய்த்தான் அவரோடு பழகினேன். வாங்குகிற எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார்: "டிரம்ம வழிச்சு எடுத்துராதீங்க சார். அடியில ஒரு சொம்பு கிடக்கட்டும். யாருக்காச்சும் ஆகும்."

தினமும் தண்ணீர் வந்தால் உங்கள் வியாபாரம் படுத்துவிடுமே என்று சீண்டுவேன். வரட்டும், கடையை மூடிவிட்டுக் குளிக்கப் போகிறேன் என்பார். மனதாரத்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தமிழ் மலர் கொண்டுவந்தோம். நான் அதற்குப் பொறுப்பாசிரியர். பாய் கொடுத்த கவிதை இது:

வாய் திறந்தபடி
வரிசையில் குடங்கள்.
எத்தனை நாள் என்று
குழாயைக் கேட்கின்றன.
வந்தது ஒரு குடம்.
அதற்கும் நன்றி.

கடைசி இரண்டு வரிகளை வெட்டினேன். நியாயம் கேட்க வந்தவன் எதற்காகக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று எனக்குக் கோபம். அவரிடம் கேட்கவுமில்லை. அச்சான பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "சோடோ சார், இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். இந்தியில் சொன்ன அந்த 'விடுங்கள்' வருத்தமா, சம்மதமா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே பல ஆண்டுகளை ஓட்டிவிட்டேன்.

அன்று மையத்தை, அவர் உடலை, குளிப்பாட்ட அவர் வீட்டு டிரம்மில் போதுமான தண்ணீர் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வங்காளி வீட்டிலிருந்து ஒரு வாளி வந்தது, தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து அரைக் குடம். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மின் அடியில் கொஞ்சம் கிடந்திருக்கிறது. நானும் என் பங்கைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். அந்த வரிசையைப் பார்த்ததும் நான் வெட்டிய வரிகள் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

அவர் மகளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் திகைத்தாள். "அப்படி ரெண்டு வரி இருந்துச்சா சார்? அத்தா எங்ககிட்ட சொல்றப்ப, குழாயக் கேட்கிறதோட நிறுத்திருவாங்களே."

நான் அவர் பக்கம் வந்து சேர்ந்தபோது, அவர் என்றைக்கோ என் பக்கம் வந்துவிட்டிருந்தாரா? அல்லது அந்த நன்றியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாரா? யாரிடம் கேட்பது?

பாய், அந்த இரண்டு வரிகளையும் மேலே அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் இந்த முறை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்காக வந்த தண்ணீரில் ஒரு சொம்பு மிஞ்சியது. அதை உங்கள் வீட்டு டிரம்மிலேயே ஊற்றிவிட்டு வந்தேன். போய் வாருங்கள்.