மூன்றாம் இடத்தில் அண்ணனின் ஓட்டக்காரன்

1. அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்ததும் அம்மா ரொறன்ரோவுக்கு, அண்ணனிடம் போனார்.
2. கரவெட்டி வீட்டைப் பூட்டிவிட்டு என்னையும் வரச் சொன்னார் அண்ணன். நான் மாட்டேன் என்றேன்.
3. அண்ணன் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.
4. நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த இணைய விளையாட்டுக்குள் வருவதையும் அவர் விட்டார்.
5. அவர் இல்லாமலே அவருடைய ஆட்டக்காரன் போட்டிப் பருவம் முழுவதும் ஓடினான். நன்றாக ஓடினான்.
6. அந்தப் பருவத்தின் சிறந்த பத்துப் பேரை வரிசைப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பரிசோதகராக இருக்கிறேன். ஒரு பிழையைக் கண்டால் அதற்கு முன் நடந்தவற்றை இப்படித்தான் இலக்கமிட்டு எழுதுவோம். எந்தப் படியில் பிழைத்தது என்று பிறகு பார்க்கலாம். மேலே பிழைத்தது மூன்றாவது படி என்று நான் நினைக்கிறேன். அம்மாவைக் கேட்டால் இரண்டாவது என்பார்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காற்பந்து என்று பெயர், ஆனால் காலுக்கு அதில் அதிகம் வேலை இல்லை. முட்டை வடிவப் பந்தை ஒருவர் எறிவார், இன்னொருவர் பிடிப்பார், அல்லது ஒருவர் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுவார். எங்கள் தளத்தில் உண்மையான மைதானமோ மனிதர்களோ இல்லை. உலகெங்கும் இருக்கிற உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஆட்டக்காரனை உருவாக்கி, வாராவாரம் பயிற்சி கொடுத்து வளர்ப்போம். போட்டிகளைக் கணினி நடத்தும். அமெரிக்காவில் மாலை நேரத்தில் நடக்கும் போட்டியின் விவரம் எனக்கு இங்கே காலையில் வரி வரியாக வந்து கிடக்கும். நான் உண்மையான போட்டி ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பாணுக்குச் சம்பல் தொட்டுக்கொண்டு அந்த வரிகளை வாசிப்பது எனக்குப் போதுமாக இருந்தது.

என்னை அதில் சேர்த்தது அண்ணன்தான். அவர் ஓட்டக்காரனை உருவாக்கியிருந்தார். நான் அதே அணியில் முன்வரிசைத் தடுப்பாளன் ஒருவனை உருவாக்கினேன். பந்து அவன் கைக்கு வராது. எதிரே நிற்பவனைத் தள்ளி வழி திறப்பது மட்டும்தான் அவன் வேலை. அந்த இடத்துக்கு ஆள் குறைவாக இருந்ததால் தெரிந்தெடுத்தேன். அண்ணன் போனில் நெடுநேரம் சிரித்தார்.

“எல்லாரும் சாமி தூக்க நிக்கினம், நீ தேர்ச்சில்லுக்குக் கட்டை போடுற ஆளாப் பாத்துத் தெரிஞ்சிருக்கிறாய்,” என்றார்.

கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் வேலிக்குள் போய்விடும் என்றேன். அதன் பிறகு அவர் என்னைக் கட்டைக்காரி என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் என் தடுப்பாளன் வழி திறந்தானா, அவருடைய ஓட்டக்காரன் சொந்தக் கெட்டித்தனத்தில் ஓடினானா என்று சண்டை பிடிப்போம். அண்ணன் ரொறன்ரோவுக்குப் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்களுக்குள் கதைக்க வேறு விடயங்கள் குறைந்துபோயிருந்த காலம் அது. இந்தச் சண்டை இருந்தது.

பிறகு வீட்டுப் பிரச்சினை வந்தது. தனியாக ஒரு பெண்பிள்ளை இவ்வளவு பெரிய வீட்டில் எப்படி இருப்பது என்று அவர் கேட்டார். எனக்கு யாழ்ப்பாணத்தில் வேலை இருக்கிறது, கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வருகிறேன், மிச்ச நாட்கள் வீட்டிலிருந்தே வேலை, என்ன குறை என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. கடைசியில் அவர், “அப்ப நீயும் உன்ரை வீடும்,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் கோபம் என்றால் கத்துவது அல்ல, கதையாமல் விடுவது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே வருடக்கணக்கில் கதையாமல் இருப்பவர்கள் உண்டு. அப்படி இருப்பவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும். “உப்புக் காணாது எண்டு சொல்லு” என்று ஒருவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். நடு ஆள் அதைத் திரும்பச் சொல்வார். எங்களுக்கு நடுவில் அம்மா. ஞாயிறு மாலை, அங்கே காலை நேரம், அம்மா அழைப்பார். கொண்ணை கேக்கிறான் நீ சாப்பிட்டியோவாம் என்பார், உன் அண்ணன் கேட்கிறான் என்று. சாப்பிட்டேன் என்று சொல்லச் சொல்வேன். கொண்ணை கேக்கிறான் கிணத்து மோட்டர் வேலை செய்யுதோவாம் என்பார். செய்கிறது என்பேன். அண்ணன் பக்கத்திலேயே நிற்பது சில நாட்களில் எனக்குக் கேட்கும்.

தனியாக இருப்பது நான் நினைத்ததைவிட வேறு மாதிரி இருந்தது. பயம் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு காய்ச்சுவதுதான் வரவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சியது. குசினி யன்னலைத் திறந்துவைத்து வேலை செய்தால் அடுத்த வீட்டு அன்ரி வேலிக்கு அங்காலிருந்து, “பிள்ளை, தனியவோ?” என்று கேட்பார். அவருக்கு விடை தெரியும். ஆனாலும் கேட்பார், நானும் ஓம் என்பேன். சில நாட்களில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே சொல் அதுவாக இருந்திருக்கிறது.

அண்ணன் தளத்துக்குள் வராமல் விட்டாலும் பருவத்துக்கான பயிற்சித் திட்டத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். அதனால் அவருடைய ஓட்டக்காரன் நிற்கவில்லை. காலையில் விவரத்தைத் திறந்தால், இடப்பக்கத் தடுப்பாளன், அதாவது என்னுடையவன், வழி திறந்தான், ஓட்டக்காரன் அந்த வழியால் புகுந்து ஓடினான் என்று ஒரு வரி இருக்கும். நாங்கள் கதைக்காத அந்த மாதங்களில் வாரத்துக்குப் பல தடவை அந்த வரி வந்தது.

பருவம் முடிந்ததும் தளத்தை நடத்துபவர்கள் பத்துப் பேர் பட்டியலை என்னை எழுதச் சொன்னார்கள். யாருக்கும் சாயாமல் எழுதுவேன் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. கணக்கிடும் முறையை முதலில் வெளியிடுவேன், பிறகுதான் வரிசையை. முதலாம் இடம் ஒஹாயோவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவருடைய எறிவாளனுக்குப் போனது. இரண்டாவது, எறிந்த பந்தை இடைமறித்துப் பிடிக்கும் காவலன் ஒருவன். ஓடிய தூரத்தை மட்டும் பார்த்தால் அண்ணனுடைய ஓட்டக்காரன் முதலாவதாக வரவேண்டும். ஆனால் ஓடுபவர்களுக்கு முன்னால் நல்ல தடுப்பாளர்கள் இருந்தால் அதற்குப் புள்ளியில் ஒரு கழிவு இருக்கிறது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த முன்வரிசை எங்களுடையது. கழித்தபோது அவன் மூன்றாம் இடத்துக்கு வந்தான். இரண்டு முறை சரிபார்த்தேன். என் தடுப்பாளன் பத்துக்குள் வரவில்லை.

இதில் எனக்கு வேறு ஒரு கவலை இருந்தது. பருவம் முடிந்தபின் ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் உள்ளே வந்து, தன் ஆட்டக்காரன் தொடர்வான் என்று ஒரு பொத்தானை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவன் ஓய்வுபெற்றவனாகக் கருதப்படுவான். திரும்ப எடுக்க முடியாது. அண்ணன் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. நான் தளத்தின் வழியாக அனுப்பிய நினைவூட்டலும் திறக்கப்படாமலே கிடந்தது. நேரே அவருடைய போனுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். முதலில் கதைக்கிறவர் தோற்றவர் என்ற கணக்கு எனக்கும் இருந்தது.

பட்டியலை வெளியிட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமை, அம்மா வழக்கமான கேள்விகளை முடித்துவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

“பிள்ளை, கொண்ணை ஒண்டு கேக்கச் சொன்னவன். ஏன் மூண்டாவதாம்?”

பட்டியலை உள்ளே வராமலே எவரும் வாசிக்கலாம். அவர் வாசித்திருக்கிறார்.

“பக்கத்திலை நிக்கிறாரோ?”

“ஓம், கோப்பை கழுவிறான். அவன் வேறையும் சொன்னவன், பொறு. கட்டைக்காரி தன்னைப் பெருப்பிச்சுக் காட்டி அவன்ரை புள்ளியைக் குறைச்சுப் போட்டாளாம். உது என்ன பிள்ளை, ஆர் உங்களுக்குப் புள்ளி போடுறது?”

கணக்கு முறை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லச் சொன்னேன். அம்மா சொன்னார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். அம்மா அதைக் கேட்டு, போன பருவம் இந்தக் கழிவு இருக்கவில்லையாம் என்றார். இருந்தது, அவர் வாசிக்கவில்லை என்றேன். அம்மாவுக்குச் சலித்துவிட்டது.

“மூண்டாம் பிள்ளையா வாறது குறைவே? நீ வகுப்பிலை மூண்டாம் பிள்ளையா வந்த நேரம் கொப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர். இவனுக்கு ஒருநாளும் அதுகும் வரேல்லை. இப்ப வந்திருக்கு, பேசாமல் இருக்கச் சொல்லு.”

அண்ணன் சிரித்தது எனக்குக் கேட்டது. நானும் சிரித்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரே விடயத்துக்கு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் வேலைக்கு வெளிக்கிட்டிட்டான் என்றார் அம்மா.

நான் அம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன்: வெள்ளிக்கிழமைக்குள் உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய ஆட்டக்காரனை எடுத்துவிடுவார்கள், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. அம்மாவை அதைத் திரும்பச் சொல்லவும் வைத்தேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

அந்த வாரம் நான் தளத்தில் அவருடைய பக்கத்தை அடிக்கடி திறந்து பார்த்தேன். பஸ்ஸில் நெல்லியடியில் ஏறியதும் ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. வேலைக்கு நடுவிலும் பார்த்தேன். சிரித்தவர் வருவார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை திறந்தபோது அவருடைய ஓட்டக்காரன் ஓய்வுபெற்றவர்களின் பட்டியலில் இருந்தான். அணியின் பக்கத்தில் என் தடுப்பாளனுக்குப் பின்னால் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் கேட்டேன், சொன்னீர்களா என்று.

“சொன்னனான் பிள்ளை. நேரம் கிடைச்சா ஒருக்காப் பாக்கட்டாம் எண்டு சொன்னனான்.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே அம்மா.”

“நீ சொன்னது கட்டளை போடுற மாதிரி இருந்தது. அப்பிடியே சொன்னா அவனுக்குக் கோவம் வரும். அதான் தணிச்சுச் சொன்னனான். எப்பவும் அப்பிடித்தானே சொல்லுறனான்.”

எப்பவும் என்றால் என்ன என்று கேட்டேன். அம்மா ஒளிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அண்ணனிடம், தங்கச்சி உன்னைக் கேட்டவள் என்று சொல்லி வந்திருக்கிறார். நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நீ கேக்காட்டியும் உன்ரை மனசிலை இருக்கும்தானே என்றார். நடுவில் நிற்கிறவர் இரண்டு பக்கமும் இனிப்புச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். அவருடைய தாயும் அப்படித்தான் செய்திருப்பார்.

போனை வைத்த பிறகு நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டது அண்ணனா, அம்மாவா? மோட்டரைப் பற்றிக் கேட்டது? காய்ச்சல் வந்தபோது மருந்து எடுக்கச் சொன்னது? எதற்கும் எனக்கு உறுதியில்லை. ஏன் மூன்றாவது என்ற கேள்வியை மட்டும் அம்மாவால் உருவாக்கியிருக்க முடியாது. அது அண்ணனுடையது. அத்தனை மாதங்களில் அவர் என்னிடம் கேட்டதாக நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

நான் அண்ணனுடைய இலக்கத்துக்கு அழைத்தேன். மணி அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா அழைத்தார்.

“ஏன் கோல் எடுத்தனியாம்?”

“அவர் கேக்கிறாரோ, நீங்கள் கேக்கிறியளோ?”

“அவன்தான்,” என்றார். “இஞ்சைதான் நிக்கிறான்.”

“அவற்றை ஆட்டக்காரன் போயிட்டான் எண்டு சொல்லுங்கோ. எனக்குக் கவலையா இருக்கெண்டும் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ.”

அம்மா சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை,” என்றார் அம்மா மெல்ல. “அறைக்குள்ளை போயிட்டான்.”

இப்போது புதிய பருவம் தொடங்கிவிட்டது. எங்கள் அணிக்கு வேறு ஒருவருடைய ஓட்டக்காரன் வந்திருக்கிறான், பரவாயில்லாமல் ஓடுகிறான். பட்டியலை நான் திருத்தவில்லை. அண்ணன் புதிதாக யாரையும் உருவாக்கவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறார். தான் கேட்பதைத் தன் கேள்வியாகவே கேட்கிறார். அண்ணனிடமிருந்து கேள்வி எதுவும் வருவதில்லை. நான் கரவெட்டியில் இருக்கிறேன். அண்ணனும் நானும் இன்னும் கதைப்பதில்லை.