மூன்று கால் நாற்காலி

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, யாரோ வரைந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நேரா புடிச்சா பூனைதான் தெரியும். திருப்பிப் புடிச்சாத்தான் கோடு தெரியும்" என்பார்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. பகல் முழுக்க வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று கேட்கிற வாய். ஆள் வராத நேரமெல்லாம், வரையப் பழகுகிறவர்களின் இணையக் குழுவில் இருப்பார். அங்கே அவருக்குக் கண்ணாடி அண்ணன் என்று பெயர்.

பூனைப் படத்தின் கீழே பதில் எழுதக் கால் மணி நேரம் ஆகிறது. "மீசை பிரமாதம்மா. முதுகை ஒரே இழுப்புல போட்டிருக்க, அந்தத் தைரியத்தை விட்டுடாத. முன்கால் மட்டும் தரையில நிக்காம மிதக்குது. அடியில கொஞ்சம் நிழல் போட்டுப் பாரு." ஒரு குறை சொல்ல இரண்டு நிறை தேடுவார். ஒன்றும் அகப்படாத ஒரு படத்துக்கு, தாள் கசங்காமல் இருந்ததையே பாராட்டியிருக்கிறார்.

கல்லாவில் இருக்கும் அம்மாள் சும்மா இருக்க மாட்டாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கறீங்களாக்கும்?"

"தன் பிள்ளைன்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா, அது தானா வளர?" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

குடியிருப்பது ஒற்றை அறை. வாரம் ஒருமுறை அக்கா போனில் "சாப்பிட்டியா" என்பாள். பதிலை முடிப்பதற்குள் வைத்துவிடுவாள். போன மாதம் முதல் முறையாகத் தன் படம் ஒன்றைக் குழுவில் போட்டார். அதே அறைதான்: ஜன்னல், மேஜை, நாற்காலி. நாற்காலிக்கு வேண்டுமென்றே மூன்று கால்தான் வரைந்திருந்தார். யாராவது ஒருவர் நின்று பார்க்கிறாரா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அருமை அண்ணே." "வேற லெவல் அண்ணே." அறுபத்திரண்டு இதயங்கள். பூனைக்காரப் பெண்ணும் ஒன்று போட்டிருந்தாள். முதல் நாள் அவருக்குச் சிரிப்பு வந்தது, மறுநாள் கோபம். ஒரு வாரம் போன பிறகு, தன்னை யாருமே பார்ப்பதில்லை என்பது உறைத்தது. அன்று ஆள் வராத நேரத்திலும் குழுவைத் திறக்கவில்லை.

நேற்று கடைக்கு விடுமுறை. மேஜை முன் உட்கார்ந்து, தன் படத்தை எடுத்து, கைபேசியைத் தலைகீழாகத் திருப்பினார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கால் மணி நேரத்தைக் கொடுத்தார். பிறகு படத்துக்குக் கீழே, ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார்:

"ஜன்னல் வெளிச்சம் ரொம்ப நல்லா விழுந்திருக்கு, அண்ணே. மேஜை விளிம்பும் நேரா வந்திருக்கு. நாற்காலியை மட்டும் இன்னொரு தடவை பாருங்க. யாராவது வந்தா உக்காரணும்ல."