தாளில் மடித்த திருநீறு

மஸ்கெலியா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டக் கோயிலில் பட்டப்பகலில் அம்மன் தாலி திருடுபோனது. பொலிஸார் லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு கெமரா படத்தைக் காட்டினார்கள். திருடன் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் சீட்டால் முகத்தை மூடியிருந்தான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

என் முறை வந்தபோது படத்தைப் பார்த்தேன். தாலியை எடுத்தவன் உடனே ஓடவில்லை. தட்டிலிருந்த திருநீற்றைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கு என் தம்பி அப்படித்தான் கொண்டுவருவான். தாலி திருடுபோன அன்றும் அவன் தந்ததை நான்தான் பூசிவிட்டேன்.

"ஆளத் தெரியுதாம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற கோயில் தலைவர்.

"என் தம்பிங்க."

தம்பியைப் பொலிஸார் பிடித்துப் போனதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையானால், "தம்பி துன்னூறு கொண்டாந்தானா?" என்று கேட்கிறாள். அந்தக் கோயில் வாசலை மிதிக்க எனக்கு முகமில்லை. அடுப்புச் சாம்பலை எடுத்துப் பூசிவிடுகிறேன். கண்ணை மூடிக் கும்பிடுகிறாள்.