ரதியின் உதட்டு மெழுகு

கல்யாணமாகி வந்த முதல் மாசியில்தான், என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே பலமுறை மணப்பெண்ணாக நின்றவர் என்பது எனக்குத் தெரிந்தது. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருடா வருடம் காமன் கூத்து நடக்கும். அதில் மன்மதனின் மனைவி ரதியாகச் சேலை கட்டி ஆடிப் பாடுவது அவர்தான். கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டுகிற ஆளுக்கு அந்த இடுப்பு வளைவு எங்கிருந்து வந்ததோ. என் கூறைச் சேலையையே கேட்டு வாங்கிக் கட்டிப் பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் அது எடுப்பாக இருக்கிறது என்றார்கள் எங்கள் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள். எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது பொய்யில்லை.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அந்த வருடம் பனி பொல்லாத பனி. விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். அவருடைய கீழுதடு நட்டநடுவில் பிளந்துகொண்டது. சிரித்தால் ரத்தம், பாடினால் ரத்தம். போதாததற்கு, ரதி வேஷத்துக்கு உதட்டில் குழைத்துப் பூசுவது குங்குமம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அது வெடிப்பில் பட்டதும் மனிதர் துள்ளிக் குதித்துவிட்டார். ஒத்திகையில் பாதிப் பாட்டோடு நின்றார். கூத்து வாத்தியார் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர், நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“ரதி அழுவுற பாட்டு இல்லாட்டி கூத்தே இல்ல தம்பி. ஒதடு ஆறலன்னா கீழ் டிவிசன் பையனுக்குத்தான் வேஷத்தக் குடுக்கணும்.”

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பிறந்தது இறம்பொடைப் பக்கம். என் அப்பா காட்டில் தேன் எடுப்பார். பிழிந்த தேனடையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால், ஆறும்போது மெழுகு மேலே மஞ்சள் தட்டாக மிதந்து இறுகும். அதை எண்ணெயில் உருக்கிக் குதிகால் வெடிப்புக்குப் பூசுவோம். காலுக்கு ஆவது வாய்க்கு ஆகாதா என்று யோசித்தேன். மெழுகு என் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. சிவப்புக்குத் தலவாக்கலை நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை வாங்கினேன். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் போடுவோமே, அதேதான். பனியில் கட்டியாகாத நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி அதில் ஊறவிட்டால் நல்ல மாதுளை நிறம் இறங்கும். வடிகட்டி, மெழுகைச் சீவிப் போட்டு உருக்கி, தகர டப்பாவில் ஊற்றினேன்.

அடுப்படியில் அது வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அவரும் பூசிக்கொண்டு சந்தோஷமாக வெளியே போனார். வாசல் குளிரில் உதடு மெழுகுதிரியாக இறுகிப்போய்த் திரும்பி வந்தார்.

“வாயவே ஒட்ட வச்சிட்டியே புள்ள” என்றார், பல்லைக் கடித்தபடி. நான் சிரித்ததில் என் உதடும் வெடித்தது.

மெழுகைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டி மறுபடி காய்ச்சினேன். இதற்குள் அவர் கூத்துக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினவர் கவிச்சி தின்னக்கூடாது, கள் குடிக்கக்கூடாது, பெண்டாட்டியைத் தொடக்கூடாது. படுக்கை கோயில் மடத்தில், சாப்பாடு மட்டும் வீட்டில். இந்த முறை அடுப்படியை நான் நம்பவில்லை. விடிகாலையில் என் உதட்டிலேயே பூசிக்கொண்டு, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அந்தக் குளிரிலும் மெழுகு இளகியே இருந்தது. ஓடிவந்து டப்பாவை அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு அவரும் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார்.

வேம்பாளம்பட்டைச் சிவப்பு லேசில் போகாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போது, ஆண்கள் வரிசையில் ஒரு சிவப்பு வாய், பெண்கள் வரிசையில் ஒரு சிவப்பு வாய். என்னோடு கொழுந்து பறிக்கிற, லயத்தில் அடுத்த அறையில் இருக்கிற பக்கத்துக் காம்பராக்காரி இடித்தாள்.

“காப்புக் கட்டுன மனுசன் வாயில இருக்குறது ஒன் வாயில எப்படிடி வந்துச்சு?”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மத்தியானத்துக்குள் பேச்சு மலை முழுக்கப் பரவிவிட்டது. விரதம் கெட்டவன் ரதியாக நின்றால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். உதடு ஆறினாலும் வேஷம் போய்விடும் போலிருந்தது, அதுவும் என்னால்.

சாயந்திரம் வாத்தியார் எங்கள் வாசலுக்கு வந்தார். பின்னாலேயே லயமும் கூடிவிட்டது.

“கேக்கக் கூடாத கேள்விதான் ஆத்தா. கேக்காம இருக்கவும் முடியல” என்றார் தரையைப் பார்த்து.

“நான் தொடல மாமா” என்றார் என் வீட்டுக்காரர். அவர் தலைகுனிந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து வாத்தியார் முன்னால் நீட்டினேன்.

“நானும் தொட்டேன், அவரும் தொட்டாரு. இந்த டப்பாவத்தான் மாமா. நீங்களும் தொடுங்க. ஒங்க ஒதட்டுக்கும் வருதா இல்லியான்னு பாப்போம்.”

தொழிற்சாலைக்குள் அடுப்பனல், வெளியே பனி என்று வாத்தியார் உதடும் பாளம் பாளமாய் வெடித்துத்தான் கிடந்தது. மோந்து பார்த்தார். ஒரு விரலில் தொட்டு, எல்லோரும் பார்க்கப் பூசிக்கொண்டார். வாயைக் குவித்தார், விரித்தார், ரதி பாட்டில் ஒரு அடியை மெல்லப் பாடிப் பார்த்தார். நரைத்த மீசைக்குக் கீழே உதடு மாதுளையாய்ச் சிவந்திருந்தது. பக்கத்துக் காம்பராக்காரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

“ரதி ரதியாவே இருக்கட்டும்” என்றார் வாத்தியார், இன்னொரு விரல் எடுத்துக்கொண்டே.

அதற்குள் அத்தனை பெண்களும் விரலை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மறுநாள் பெரட்டில் பாதிச் சனத்துக்குச் சிவப்பு வாய். வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கு ஐயா திகைத்துப்போய், “என்ன, எல்லாரும் விடியக்காலையிலேயே வெத்தல போட்டாச்சா?” என்று கேட்டார். “குளிருக்கு மருந்துங்க” என்றேன். நான் திரும்பவும் மெழுகு காய்ச்ச வேண்டியதாயிற்று.

கூத்து முடிகிற அன்று, மன்மதன் எரிந்துபோனபின், கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ரதி என் கூறைச் சேலையோடு தரையில் விழுந்து அழுதாள். வாயை முழுசாகத் திறந்து, மூச்சை இழுத்து விட்டுப் பாடினார் என் வீட்டுக்காரர். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. சனமெல்லாம் முந்தானையாலும் துண்டாலும் கண்ணைத் துடைத்தது. வாத்தியாரே தேம்பினார். அத்தனை பேர் அழுகைக்கு நடுவில் நான் ஒருத்திதான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.